பெரியவளுக்கு நேர்ந்த முடி

எட்டு வயதுவரை என் பெயர் ஒரு கேள்வியாகவே இருந்தது. சின்னமனூர் கடைவீதியில் என்னை யார் பார்த்தாலும், “நீ பெரியவளா, சின்னவளா?” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நானும் அக்காவும் இரட்டைப் பிள்ளைகள். கால் மணி நேரம் முந்திக்கொண்டதால் அவள் பெரியவள். பிந்தியதால் நான் சின்னவள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் எங்களுக்கு இரண்டு நல்ல பெயர்கள் இருக்கத்தான் செய்தன. டீச்சர் அவற்றை ஒரே மூச்சில் சேர்த்துப் படித்துவிட்டு, இரண்டு ‘உள்ளேன்’ காதில் விழுந்ததும் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். எந்த ‘உள்ளேன்’ யாருடையது என்று அவர் கவலைப்பட்டதே இல்லை.

அப்பா கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். ஒரே துணியில் இரண்டு பாவாடை, இரண்டு சட்டை வெட்டி, கையில் ஒரே மாதிரி சுருக்கம் வைத்துத் தைத்து எங்களுக்கு மாட்டிவிடுவார். நாங்கள் கைகோத்துக்கொண்டு தெருவில் போனால் பெண்பிள்ளை பெற்ற அம்மாக்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தராவது மறுநாள் துணியோடு கடைப்படி ஏறுவார். ஆக அப்பாவின் கடைக்குப் பெயர்ப்பலகை மூன்று. ஒன்று கடைக்கு மேலே தொங்கியது, மற்ற இரண்டும் தெருவில் நடந்தன. இதில் அவருக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. அளவெடுக்க ஒருத்தி போதும். கைக்கு அகப்பட்டவளை நிறுத்தி டேப்பைப் போடுவார். எப்போதும் அகப்படுகிறவள் அக்காதான். நான் ஓடிவிடுவேன்.

எங்களைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எப்படி என்று கேட்டால், “என் ரெண்டு கையில எது வலது எது இடதுன்னு எனக்குத் தெரியாதா?” என்பாள். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு அந்தத் திறமை கொஞ்சமும் இல்லை. அவர் கம்பத்திலிருந்து மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். மலைக்கு மேலே பழகிய மலையாளத்தில் எங்கள் இரண்டு பேரையுமே ‘மோளே’ என்று கூப்பிடுவார். மருமகள்கள்மீது உள்ள பிரியத்தில் மகளே என்று கூப்பிடுகிறார் என எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள். யார் எவள் என்று தெரியாததை மறைக்க அவருக்கு அது வாகாக இருந்தது என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருடம் மாசி மாதத்தில் அக்காவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் படுக்கை. கஞ்சியும் மருந்தும் ஈரத்துணியுமாக அம்மா அவள் பக்கத்திலேயே இருந்தாள். நான் முதல்முறையாகத் தனியாகப் பள்ளிக்கூடம் போனேன். தனியாகப் போனாலாவது அந்தக் கேள்வி ஓயும் என்று பார்த்தால், அது வேறு உருவத்தில் வந்தது. பழக்கடைக்காரர் என்னை நிறுத்தி, “காய்ச்ச விட்டுருச்சா ஆத்தா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் பெரிய சாத்துக்குடி ஒன்றை எடுத்து, “இத உரிச்சுத் தின்னு, வாய்க்கசப்பு போகும்” என்று கையில் வைத்தார். அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வாய்க்காலோரம் உட்கார்ந்து முழுவதையும் நானே தின்றுவிட்டுத் தோலைத் தண்ணீரில் விட்டேன். இப்படி அவளுடைய காய்ச்சலுக்கு எனக்கு இரண்டு பழமும் ஒரு பாக்கெட் ரொட்டியும் கிடைத்தன. ஆனாலும் சந்தோஷமாக இல்லை. நோயாளியாகக்கூட ஊருக்கு அவளைத்தான் தெரிந்திருந்தது.

காய்ச்சல் இறங்காத ஒருநாள் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து, பெரியவள் பிழைத்து எழுந்தால் சித்திரைத் திருவிழாவில் அவளுக்கு முடி இறக்குவதாக வீரபாண்டி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அதற்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. விஷக்காய்ச்சல் வந்தால் பாதி முடி கொட்டிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். அக்காவுக்குக் கொட்டவில்லை. அதனாலேயே அவளுக்குத் தன் முடிமேல் புதுப் பாசம் வந்துவிட்டது. பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு நுனியைத் தடவிக்கொண்டே இருப்பாள். எனக்கு நேர்மாறு. தினமும் காலையில் அம்மா சிக்கெடுக்கும்போது நான் போடுகிற கூச்சல் தெருமுனைவரை கேட்கும்.

திருவிழாவுக்கு மாமா ஜீப்பைக் கொண்டுவந்தார். சித்திரைமாதத் தையல் மலைபோல் குவிந்து கிடந்ததால் அப்பா வரவில்லை. எங்களுக்கு மட்டும் நீலத்தில் வெள்ளைப்புள்ளி போட்ட துணியில் புதுப் பாவாடை சட்டை தைத்து மாட்டி, நாலு பேர் பார்க்கும்படி நடங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீரபாண்டியில் இறங்கியதும் எங்களுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. உறுமிச் சத்தம் ஒரு பக்கம், ராட்டினத்தின் கிறீச்சொலி ஒரு பக்கம். வேப்பிலை சொருகிய அக்கினிச்சட்டியைக் கையில் ஏந்திப் பெண்கள் வரிசை வரிசையாகப் போனார்கள். உடம்பு முழுக்கச் சேறு பூசிய ஆட்கள் முல்லையாற்றிலிருந்து எழுந்து வந்தார்கள். அம்மா ஆற்றில் குளித்து ஈரச்சேலையோடு மாவிளக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதனால் மாமாவிடம் எங்களை ஒப்படைத்து, பெரியவளுக்கு முடி இறக்கி ஆற்றங்கரைக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டுப் போனாள்.

முடி இறக்கும் கொட்டகையில் நீளமாகப் பலகைகள் போட்டிருந்தார்கள். மாமா சீட்டு வாங்கி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பொதுவான இடத்தைப் பார்த்து, “வா மோளே, ஒக்காரு” என்றார். யாரும் அசையவில்லை. அவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்டால் இத்தனை வருட ரகசியம் போய்விடும். கேட்காவிட்டால் வேலை ஆகாது. பாவம், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்க நின்றார்.

அக்கா என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் பார்வை தரையில் கிடந்த முடிக்குவியலைவிட்டு நகரவில்லை. நான் பார்த்தது வேறொன்றை. அப்போதுதான் மொட்டை போட்டு முடித்த ஒரு சிறுமியின் தலையில் அவளுடைய அப்பா சந்தனத்தைக் குழைத்துப் பூசி, அவளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு போனார். வெயிலில் அந்த மஞ்சள் தலை மட்டும் கூட்டத்துக்கு மேலே மிதந்து போயிற்று. போகிற வழியெல்லாம் ஜனங்கள் அவளையே பார்த்தார்கள்.

நான் அக்காவின் கையை உதறிவிட்டுப் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன்.

பயந்துபோன அக்காவைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தேன் என்று பிற்பாடு ஊரே சொல்லியது. நானும் மறுக்கவில்லை. உண்மையில் அந்த நிமிடத்தில் அவளைப்பற்றிய நினைப்பே எனக்கு இல்லை. எனக்கு அந்தச் சந்தனம் வேண்டும், அவ்வளவுதான்.

மாமாவுக்குப் பெரிய பாரம் இறங்கியது. மொட்டை போடுகிறவர் என் பின்னலை அவிழ்த்து, தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, முடியை இரண்டு பக்கமும் முடிந்துவிட்டார். பெண்பிள்ளைக்கு இவ்வளவு முடி இருக்கிறதே, பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். கத்தி உச்சியில் பட்டுச் சரசரவென்று கீழே இறங்கியது. முதலில் ஒரு முடிச்சு மடியில் விழுந்தது, பிறகு மற்றது. ஆற்றிலிருந்து வந்த காற்று நேராக என் தலையில் பட்டது. அதுவரை காற்று முகத்தில் படும், கையில் படும். தலையில் படுகிற காற்று எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் இருவரில் எனக்கு மட்டும் தெரிந்த முதல் விஷயம் அது.

மாமா சந்தனம் வாங்கிப் பூசிவிட்டார். குளிர்ச்சி காதுவரைக்கும் வழிந்தது. நான் எழுந்து திரும்பவும் அம்மா ஈரச்சேலையோடு கொட்டகைக்குள் வரவும் சரியாக இருந்தது. நாங்கள் வரத் தாமதமானதால் தேடி வந்திருக்கிறாள். முடியில்லாத தலையை ஒருதரம்தான் பார்த்தாள்.

“சின்னவளே, நீ எதுக்குடி ஒக்காந்த?”

மாமா திகைத்துப்போனார். மொட்டைத் தலையிலும் அம்மாவுக்கு எப்படி அடையாளம் தெரிந்தது என்பதுதான் அவருக்கு முதல் ஆச்சரியம். தான் செய்துவைத்த காரியம் அதற்குப் பிறகுதான் உறைத்தது. மாறிப்போயிற்றா, சரி, இரண்டும் நம் பிள்ளைகள்தானே என்று இழுத்தார்.

“நேந்தது பெரியவளுக்கு” என்றாள் அம்மா. குரல் நடுங்கியது. “அவளுக்கு மறுபடி காய்ச்ச வந்தா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?”

அம்மா எதற்கும் சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை. அந்த மூன்று வாரம் அவளை என்ன செய்திருந்தது என்பது அந்தக் குரலில்தான் எனக்குத் தெரிந்தது. இன்னொரு சீட்டு வாங்கிப் பெரியவளையும் உட்காரவைத்துவிடலாம் என்றார் மாமா. அவளும் மொட்டை போட்டுக்கொண்டால் நாங்கள் மறுபடி ஒரே மாதிரி ஆகிவிடுவோம். கேள்வி மறுபடி வந்துவிடும். நான் அனுபவித்த தனிமுகம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா பெரியவளைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அக்காவைக் காணவில்லை.

கொட்டகையைச் சுற்றித் தேடினோம். ஆற்றுப்படியில் தேடினோம். ஜீப்புக்கு அடியில்கூட மாமா குனிந்து பார்த்தார். கடைசியில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, காணாமல் போனவர்களைப்பற்றி மைக்கில் அறிவிக்கிற பந்தலுக்கு ஓடினார். அம்மா பின்னால் வந்தாள். மைக்குக்காரர் பிள்ளைக்கு அடையாளம் கேட்டார். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று தொலைந்தால் அடையாளம் சொல்வதைப்போல் எளிது எதுவும் கிடையாது. மாமா என்னைத் தூக்கிப் பெஞ்சின்மேல் நிறுத்தினார்.

“இந்தா, அச்சு இதே பிள்ளதான்.”

“மொட்டப் பிள்ளையா?”

“இல்ல, அதுக்கு முடி இருக்கு.”

மைக்குக்காரர் என்னையும் மாமாவையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்மால் முடிந்த அளவுக்குத் தெளிவாக அறிவித்தார். நீலப் பாவாடையும் நீலச் சட்டையும் போட்ட எட்டு வயதுப் பெண்பிள்ளை காணவில்லை, பந்தலில் பெஞ்சுமேல் நிற்கிற மொட்டைப் பிள்ளையைப் போலவே இருப்பாள், ஆனால் மொட்டை இல்லை என்று மூன்று தரம் சொன்னார். ராட்டினச் சத்தத்திலும் உறுமிச் சத்தத்திலும் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் எத்தனை பேருக்குக் கேட்டனவோ தெரியாது. பத்து நிமிடத்துக்குள் நல்ல மனசுக்காரர்கள் நாலு மொட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நாலாவது ஒரு பையன். அவனுடைய அம்மா பின்னாலேயே ஓடிவந்து, தூக்கி வந்தவரை ஒரு பிடி பிடித்துவிட்டு மகனை இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பரபரப்பிலும் மைக்குக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் பெஞ்சின்மேல் நின்றுகொண்டிருந்தேன். போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் ஒவ்வொரு தடவை யாராவது என்னைப் பார்க்கும்போதும் என் இடது கை தானாகப் பக்கத்தில் துழாவியது. அக்கா எப்போதும் நிற்கிற பக்கம் அது. அங்கே வெறும் காற்று. யாராவது உற்றுப் பார்த்தால் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நாக்கைத் துருத்துவோம். தனியாக ஒருத்தி நாக்கைத் துருத்தினால் அது வெறும் மரியாதைக்குறைவு என்று தோன்றியது. அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தபோதுதான், கோயில் வாசலில் பெண்கள் வரிசையில் இரண்டு பெரிய சேலைகளுக்கு நடுவே நீல ரிப்பன் கட்டிய பின்னல் ஒன்று உள்ளே போவது தெரிந்தது.

பெஞ்சிலிருந்து குதித்து ஓடினேன். புதுமொட்டைக்கும் பச்சைச் சந்தனத்துக்கும் அன்று அங்கே தனி மரியாதை. “நேர்த்திக்கடன் பிள்ள வருது, வழிய விடுங்க” என்று யாரோ சொல்ல, பெண்கள் ஒதுங்கினார்கள். அத்தனை பேர் எனக்காக வழிவிட்டது அதுவரை நடந்ததில்லை. மாமா பின்னால் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

அக்கா அம்மனுக்கு முன்னால் இருந்த மரத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடவில்லை, கை கூப்பவில்லை. டீச்சரிடம் ஏதோ சொல்ல வந்தவளைப் போல நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

“முடி குடுத்தது அவ. காய்ச்ச வந்தது எனக்கு. நீ மாத்தி அத அவளுக்குக் குடுத்துராத.”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான் ஆள்மாறாட்டம் செய்ததை அம்மன்வரைக்கும் வந்து கோள் சொல்கிறாள் என்று நினைத்தேன். பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். அவள் திரும்பினாள். முழு மொட்டையை அப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். கண் விரிந்தது. மெதுவாகக் கையைத் தூக்கி என் தலையில் வைத்தாள், உடனே சந்தனத்தோடு எடுத்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், அதை நிறுத்த எங்கள் இரண்டு பேராலும் முடியாது. அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது நாங்கள் அந்தத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தோம். அம்மா அக்காவின் முதுகில் ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பிறகு பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னாள். நேர்ந்தது ஒருத்திக்கு, இறக்கியது இன்னொருத்திக்கு, இதற்கு என்ன பரிகாரம் என்று கேட்டாள். அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இருநூறு பேர் காத்திருந்தார்கள்.

“ஒரு வயித்துல ஒண்ணாப் பெறந்ததுக. இதுல எது குடுத்தா என்னம்மா? ஆத்தாளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அம்மாவின் முகம் தெளிந்தது. மாமா பெருமூச்சு விட்டார். அக்கா பின்னலைத் தடவிக்கொண்டாள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் தலையில் இடி விழுந்தது. இத்தனை பாடுபட்டு அரைமணி நேரத்துக்கு முன்புதான் நான் நானாகியிருந்தேன். அதற்குள் கோயிலுக்குள் வைத்தே என்னை மறுபடி அக்காவோடு சேர்த்துவிட்டார்கள்.

“அது என் முடி” என்றேன். “அவ முடி இல்ல.”

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்தில் குலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். பூசாரி குனிந்து, அப்படியானால் நீ யார் என்று கேட்டார். பெரியவளா சின்னவளா என்று அவர் கேட்கவில்லை. நான் பதிவேட்டில் இருந்த பெயரை, அப்பாவின் தலைப்பெழுத்தையும் சேர்த்து, பள்ளிக்கூட ஆய்வாளர் வந்த அன்று சொல்வதைப்போல் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதே பெயரை ஒருதரம் சொல்லி, என் நெற்றியில் திருநீறு இட்டார்.

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அம்மன் பக்கம் திரும்பி, “ஆத்தா, நேந்தது பெரியவளுக்கு. குடுத்தது சின்னவ. நீ தெரிஞ்சு ஏத்துக்க” என்றாள்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பியதும் அப்பாவின் கடைமுன் ஜீப் நின்றது. அப்பா மெஷினைவிட்டு எழுந்து வந்து, தன்னுடைய இரண்டு விளம்பரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், தான் முழித்ததை மட்டும் விட்டுவிட்டு. அப்பா கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, “இங்கன வா” என்றார். முடியில்லாததால் என் கழுத்தும் தோளும் அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் ஓடவில்லை. அவர் அளந்தார், நெற்றியைச் சுருக்கினார், மறுபடி அளந்தார். பிறகு அக்காவை அளந்தார். எனக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம், கை அக்காவைவிட அரை அங்குலம் நீளம். எட்டு வருடமாக நான் போட்டதெல்லாம் அவளுடைய அளவில் தைத்தவை. என் சட்டை மட்டும் ஏன் எப்போதும் ஒரு பக்கம் ஏறிக்கொண்டது என்பது அன்றுதான் விளங்கியது.

தன் தொழிலில் இப்படி ஒரு பிசகு நடந்துவிட்டதில் அப்பாவுக்கு வெட்கம். ஈடுசெய்வதுபோல், எனக்கென்று ஒரு சட்டை தைப்பதாகச் சொல்லி, என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதில் தெரியாமல் பழக்கத்தில் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் யோசித்துக் கிளிப்பச்சை என்றேன். அந்தச் சட்டை எனக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. கிழிகிற வரைக்கும் அதை விடாமல் போட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்தபோது நான் ஊரில் பிரபலமாகியிருந்தேன். அக்காளுக்காக முடி கொடுத்த பிள்ளை என்று பழக்கடைக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். டீச்சர் எங்கள் பெயர்களை நிறுத்தி, தனித்தனியாகப் படித்தார். என் ‘உள்ளேன்’ வகுப்பு அதிரும்படி இருந்தது. தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்ச் சுண்ணாம்புக்கட்டி வாங்கி வருவதா, வாசலில் நிற்கிற நாயை விரட்டுவதா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் அனுப்பினார்கள். நான் தைரியசாலி. நிஜமாகவே நாய்க்குப் பயப்படுகிறவள்தான், ஆனால் பெயர் வந்துவிட்ட பிறகு என்ன செய்வது, விரட்டினேன். விரட்ட விரட்டப் பயம் போய்விட்டது.

அக்காவுக்கும் ஒரு பெயர் வந்தது. முடி போய்விடும் என்று ஓடிப்போனவள் இவள்தானே என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவளும் சிரிப்பாள். நாய் நிற்கிற பக்கம் அவளை யாரும் அனுப்பவில்லை. அத்தனை கூட்டத்தில் கைபிடிக்க ஆளில்லாமல் தனியாகக் கோயிலுக்குள் போனவள் அவள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் கோள் சொன்னதைத்தான் நான் ஞாபகம் வைத்திருந்தேன்.

என் முடி மறுபடி முதுகுவரை வளர மூன்று வருடம் ஆனது. மூன்றாம் வருடம் அதே வீரபாண்டித் திருவிழாவில் அம்மா எங்களை வளையல் கடைக்குக் கூட்டிப்போனாள். அந்த வருடம் நான் மஞ்சள் சட்டை, அவள் சிவப்புச் சட்டை. கடைக்கார அம்மாள் எங்களைப் பார்த்ததும், மூன்று வருடத்துக்கு முன் பந்தலில் பெஞ்சுமேல் நின்ற பிள்ளையை ஞாபகப்படுத்திக்கொண்டாள். அன்றைக்குத் தான் எதிரில்தான் கடை போட்டிருந்ததாகச் சொல்லி, “கூடப்பெறந்தவளுக்காக மொட்டை போட்டுக்கிட்டது உங்கள்ல யாரு ஆத்தா? அந்தக் கைக்கு ஒரு டஜன் என் செலவு” என்றாள்.

நான் கையை நீட்டுவதற்குள் அக்கா நீட்டிவிட்டாள்.

“நாந்தான்” என்றாள்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் இதோ சொல்லப்போகிறாள், இது பெரியவள், கொடுத்தது சின்னவள் என்று கோயிலில் சொன்னதைப்போலவே சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் மணிக்கட்டைத் தன் கையில் வாங்கி, வளையல் உடையாமல் ஏறுவதற்கு வாகாக அவள் விரல்களைக் குவித்துப் பிடித்துக்கொண்டாள். கடைக்கார அம்மாள் பச்சையும் சிவப்புமாக ஒவ்வொன்றாக ஏற்றினாள். அக்காவின் முகம் அப்படி ஜொலித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

திரும்பும்போது ஜீப்பில் அவள் ஆறு வளையலைக் கழற்றி என் மடியில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டேன். எத்தனை கூட்டத்திலும் எங்களை மாற்றிச் சொல்லாத அம்மாவுக்கு அன்றைக்கு மட்டும் எப்படி ஆள் தெரியாமல் போயிற்று என்று நெடுநாள்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.